பன்னிரண்டு எழுத்துக்கு மேல் இடமில்லை

குடிநீர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாளே அவள் தலைமை இஞ்சினியரோடு முட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்று. விஷயம் ஓர் எழுத்துகூட அல்ல, எழுத்துக்கு இடம்.

கம்ப்யூட்டர் அறை என்று ஒன்றைப் புதிதாக அமைத்திருந்தார்கள். சுவரோரம் முழுக்க இரும்பு அலமாரிகள். அதில் ஒன்றைத் திறந்தால் உள்ளே பால் கேன் பருமனுக்கு ஓர் உருளை. டிரம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உடம்பெல்லாம் பழுப்பு நிறப் பூச்சு. காலையில் சுவிட்சைப் போட்டால் முனகிக்கொண்டே வேகம் பிடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அதன்பிறகு அது சுற்றுவதே கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். பூச்சைத் தொட்டும் தொடாமலும் வரிசையாகக் காந்தத் தலைகள் நின்றன. எழுதுவதும் படிப்பதும் அவற்றின் வேலை. ஒரு மயிரிழை பிசகித் தலை பூச்சில் உரசினால் போச்சு, அந்த இடத்தில் இருந்ததெல்லாம் தூளாகிக் கீழே கொட்டிவிடும். அப்படிப்பட்ட உருளையில் மொத்தம் அறுபதாயிரம் எழுத்துக்கு இடம். அதில் எட்டில் ஏழு பங்கை மெஷின் தன் சொந்த வேலைக்கே எடுத்துக்கொள்ளும்.

மிச்ச இடத்தில் ஊரின் அறுநூற்றுப் பன்னிரண்டு தெருக்களும் அடங்க வேண்டும். எங்கே குழாய் உடைந்தாலும் புகார்ச் சீட்டில் தெருப் பெயரை மெஷினே அச்சடித்துத் தரும் என்பது திட்டம். தெருப் பெயர்களை அட்டையில் துளையிட்டு மெஷினுக்கு ஊட்டுவது அவள் வேலை.

இஞ்சினியர் நல்ல மனிதர். கோபமே வராது. எதைக் கேட்டாலும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு அப்புறம் சார் என்றே பெயர்.

"நடுவுல விடுற இடத்தையும் சேத்து ஒரு தெருவுக்குப் பன்னிரண்டு எழுத்துதான்மா. அதுக்கு மேல இருந்தா வெட்டிடு."

"சார், பழைய நூற்பாலைத் தெரு வடக்குன்னு ஒண்ணு இருக்கு, தெற்குன்னு ஒண்ணு இருக்கு. வெட்டினா ரெண்டும் வெறும் பழைய நூற்பாலைத் தெருன்னு நிக்குது."

"ரெண்டுக்கும் தெரு நம்பர் வேறதானே? ஒண்ணு நாப்பத்தொண்ணு, இன்னொண்ணு நாப்பத்திரண்டு. மெஷினுக்கு அது போதும்."

"மெஷினுக்குப் போதும் சார். படிக்கிற மனுஷனுக்கு?"

"இப்போதைக்கு வெட்டும்மா. பெரிய டிரம் வரும். அப்புறம் பாத்துக்கலாம்."

வெட்டினாள். நூற்று நாற்பத்துமூன்று தெருக்களுக்கு வால் போனது. கால்நடை மருத்துவமனைச் சாலை வெறும் கால்நடை மருத்துவமனை ஆனது. அந்தச் சாலையில் இருந்த அறுபது வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு கால்நடை மருத்துவமனை நடத்துவதுபோல அவரவர் வீட்டு எண்ணோடு தண்ணீர் வரிக் கடிதம் போனது. கல்லறைத் தோட்டம் பின்புறத் தெரு, கல்லறைத் தோட்டம் பி என்று நின்றது. அந்தத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"நான் இன்னும் உள்ள போகலைம்மா. வெளியிலதான் இருக்கேன். கொஞ்சம் பாத்து எழுதச் சொல்லுங்க."

அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தாள்.

அடுத்த மாதம் ஒரு குழாய் ஃபிட்டர் வந்தான். முழங்கால் வரை சேறு, கையில் பைப் ரென்ச், இன்னொரு கையில் நனைந்துபோன புகார்ச் சீட்டு.

"இதை யாரு அடிச்சது?"

"நான்தான். ஏன்?"

"காலையிலேர்ந்து நாலு பேரு வடக்குல தோண்டிக்கிட்டிருக்கோம். அங்க குழாய் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கு. தெற்குல ஜனங்க முட்டித் தண்ணியில நிக்கறாங்க."

"சீட்டு ஓரத்துல நாப்பத்திரண்டுன்னு போட்டிருக்கே, பாக்கலையா?"

"பாத்தேன். அது என்னது, செருப்பு சைஸா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை. உட்காரவைத்து விளக்கினாள். நாற்பத்தொன்று என்றால் வடக்கு, நாற்பத்திரண்டு என்றால் தெற்கு. அவன் தன் கருவிப்பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதிக்கொண்டான். ஒரு வாரத்தில் எல்லா ஃபிட்டர்களின் பெட்டி மூடியிலும் அந்தக் கணக்கு ஏறியது. மெஷின் விட்டதை மனிதர்கள் மூடியில் எழுதிச் சமாளித்தார்கள்.

அதன்பிறகு அந்த ஃபிட்டருக்கு அடிக்கடி சந்தேகம் வந்தது. சந்தேகமே இல்லாத சீட்டைக்கூட எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தான். இரண்டு வருடத்தில் கல்யாணம். அவள் குடிபுகுந்த வீடு எங்கே என்று நினைக்கிறீர்கள்? பதினேழாம் எண், பழைய நூற்பாலைத் தெரு தெற்கு.

பெரிய டிரம் வரவே இல்லை. அதற்குப் பதிலாக டிஸ்க் வந்தது. துணி துவைக்கும் மெஷின் உயரத்துக்கு ஒரு பெட்டி. அதன் மூடியைத் தூக்கி, ஆறு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு ஒன்றைக் கைப்பிடியால் பிடித்து உள்ளே இறக்கித் திருக வேண்டும். டிரம்மில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தலை அசையாமல் நின்றது. இதில் தலைகள் ஒரு கையின் விரல்களைப்போல முன்னும் பின்னும் ஓடின. ஒரே கட்டில் எழுபது லட்சம் எழுத்து. அவள் அந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். ஊரில் உள்ள தெருப் பெயரை எல்லாம் வால் முளைக்க எழுதினாலும் மூலையில் ஒரு துளி.

வெட்டுப்பட்ட நூற்று நாற்பத்துமூன்று பெயர்களையும் முழுசாகத் தட்டச்சு செய்து காலை ஒன்பது மணிக்கே மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். அப்புறம் சார் பதவி உயர்வில் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவருக்கு எதுவும் துப்புரவாக இருக்க வேண்டும். மேஜையில் பென்சில்கள்கூட உயர வரிசையில் கிடக்கும்.

"எல்லாத்தையும் டிஸ்க்குக்கு மாத்தியாச்சும்மா. குப்பையெல்லாம் எடுத்துட்டேன்."

"என்ன குப்பை சார்?"

"ஒரே தெருப் பேரு ரெண்டு தடவை இருந்தது. பதினெட்டு இடத்துல. ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணைத் தூக்கிட்டேன்."

"சார், அது ரெண்டு தெரு."

"பேரு ஒண்ணுதானே?"

"வெட்டினதால ஒண்ணு. நான்தான் வெட்டினேன். வெளியில போய்ப் பாருங்க, நடுவுல ஒரு பெரிய ரோடே ஓடுது."

அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஓரங்களைத் தட்டி நேராக்கினார். ஒரு கோப்பில் வைத்தார். "இப்பத்தான் மாத்தி முடிச்சிருக்கோம். கைவைக்க வேண்டாம். அடுத்த மெஷின் வரும்போது செய்யலாம்."

அதோடு நாற்பத்திரண்டு என்ற எண்ணே செத்தது. ஃபிட்டர்கள் பெட்டி மூடியில் எழுதி வைத்திருந்தது வீணானது. பதினேழாம் எண் வீட்டில் கசிவு என்று சீட்டு வரும். எந்தப் பதினேழு என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. பணிமனைக்கு வடக்குதான் பக்கம் என்பதால் ஆட்கள் முதலில் அங்கேயே போனார்கள்.

வடக்குப் பதினேழில் ஒரு தையல்காரி இருந்தாள். அவள் வாசலை ஒரே வருடத்தில் மூன்று தடவை தோண்டினார்கள். மூன்றாம் தடவை அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அலுவலகத்துக்கே வந்தாள்.

"என் வாசல்ல என்ன புதையல் இருக்குன்னு நீங்களாவது சொல்லிடுங்க. நானே தோண்டி எடுத்துக் குடுத்துடறேன்."

இன்னொரு தடவை இதே கூத்து தலைகீழாக நடந்தது. வடக்கில் குழாய் மாற்றுவதற்காகத் தெற்கின் வால்வை மூடிவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். மூன்று நாள் தெற்குப் பதினேழில், அவள் வீட்டில், சொட்டுத் தண்ணீர் இல்லை. ஃபிட்டர் கணவன் வெளியூர் வேலையில் இருந்தான். இடுப்பில் கைக்குழந்தை. பக்கத்துத் தெருவிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தாள். புகார் கொடுத்தால் அதுவும் அதே மெஷினுக்குள் போய் வடக்குக்கே சீட்டாக வந்தது. கணவன் திரும்பி வந்தவன் பெட்டியைக்கூட இறக்காமல் போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தான்.

"உங்க ஆபீஸ் லட்சணம் இது," என்றான்.

"நம்ம ஆபீஸ்."

"நான் தோண்டறவன். எங்க தோண்டணும்னு சொல்றது நீங்க."

அவள் காலி வாளிகளைப் படாரென்று குழாயடியில் வைத்தாள். ஆனால் ஆத்திரம் அவன்மேல் இல்லை.

அடுத்த மெஷின் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. சக்கரம்போல் சுற்றும் காந்த நாடாவுக்கு எல்லாவற்றையும் நகல் எடுத்தார்கள். பட்டியலை நீட்டினாள். நகல் என்றால் ஓர் எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது, அதுதான் விதி என்றார்கள். பிறகு கறுப்பு உறைக்குள் வளைகிற தகடாக ஃபிளாப்பி வந்தது. அலமாரி அலமாரியாக அதை அடுக்கினாள், ஜன்னலோர வெயிலில் எட்டுத் தகடுகள் அப்பளமாக நெளிந்தன, மறுபடி எழுதினாள். அப்போதும் பட்டியலை நீட்டினாள். தகடு புதுசு, ஆனால் ஓடுகிற புரோகிராம் பழசு, அது பன்னிரண்டுக்கு மேல் படிக்காது என்றார்கள். செங்கல் அளவில் ஹார்ட் டிஸ்க் வந்தது. புரோகிராமே புதுசு. இனி என்ன தடை என்று போனாள். ஆயிரம் பக்கத்துக்குச் சீட்டுக் காகிதம் அச்சடித்து வந்திருக்கிறது, அதில் பன்னிரண்டு கட்டம்தான் போட்டிருக்கிறது என்றார்கள்.

ஒவ்வொரு அதிகாரியும் அவளைப் பார்த்ததுமே நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்வது அவளுக்கே தெரிந்தது. பன்னிரண்டக்கா வந்துட்டாங்க என்று அடுத்த அறையில் யாரோ சொல்வதும் காதில் விழும். விழட்டுமே. கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு வருடம் கோபத்தில் சொல்லாமலே இருந்து பார்த்தாள். எந்த வித்தியாசமும் இல்லை. அடுத்த வருடம் மறுபடி ஆரம்பித்தாள்.

மகள் வளர்ந்து கணக்கு ஆசிரியை ஆனாள். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள், "ஏம்மா, அந்தத் தெருவை விட்டா வேற பேச்சே இல்லையா நம்ம வீட்டுல?"

"அந்தத் தெருவுலதானேடி உக்காந்து சாப்பிடறே," என்றாள் அம்மா.

ஓய்வுபெற்ற நாளில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். அப்போதைய மேலதிகாரி மைக்கைப் பிடித்து, டிரம் காலத்திலிருந்து இன்றுவரை ஐந்து விதமான மெஷின்களுக்கு மாற்றியும் இவர் ஓர் எழுத்தைக்கூடத் தொலைக்கவில்லை என்று பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் எழுந்தாள். இரண்டு வார்த்தை நன்றி சொல்லி உட்காரத்தான் நினைத்திருந்தாள்.

"தொலைஞ்ச எழுத்தெல்லாம் நூத்து நாப்பத்துமூணு தெருவுல கிடக்கு," என்றாள். "முதல் வாரம் என்கிட்ட வெட்டச் சொன்னாங்க, வெட்டினேன். மீதி முப்பத்தேழு வருஷமும் ஒட்ட வைக்கச் சொல்லிக் கேட்டேன். யாரும் விடலை. நன்றி."

கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் கூட்டம் ஒரு நிமிஷம் தவித்தது. பிறகு டீ வந்தது.

வீட்டோடு இருந்தால் நிம்மதி என்று நினைத்தாள். பன்னிரண்டு வருடம் ஓரளவு நிம்மதியாகவே போனது. அதன்பிறகு ஒரு நாள் சமையலறைச் சுவரோரம் தரை ஈரமானது. மறுநாள் ஓதம் சுவரில் ஏறியது. வாசலுக்கு வெளியே பூமிக்கடியில் குழாய் கசிகிறது என்று கணவர் காதை வைத்தே சொல்லிவிட்டார். அவருக்கு எழுபத்தைந்து. தோண்ட உடம்பு விடவில்லை, வாய் மட்டும் விட்டது.

போன் போட்டாள். ஒரு பெண் பணிவாகப் பேசினாள்.

"பழைய நூற்பாலைத் தெரு, பதினேழு. சரியாம்மா?"

"தெற்கு. தெற்குன்னு போட்டுக்கோங்க."

"சிஸ்டத்துல அப்படி ஒரு தெரு காட்டலையேம்மா. பழைய நூற்பாலைத் தெரு மட்டும்தான் இருக்கு."

"இருக்காது. ஏன் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். குறிப்புன்னு ஏதாவது இடம் இருந்தா அதுலயாவது தெற்குன்னு போடுங்கம்மா."

"போட்டுட்டேன்மா. ஆனா அது ஆளுங்களுக்குப் போற சீட்டுல வராது."

ஒன்பது நாளில் மூன்று தடவை ஆட்கள் வந்தார்கள். மூன்று தடவையும் வடக்குக்கு. தையல்காரி போய்ச் சேர்ந்து அந்த வீட்டில் இப்போது அவள் மகன் இருந்தான். கசிவு எதுவும் இல்லை, புகார் முடிந்தது என்று மூன்று தடவையும் இவள் போனுக்குச் செய்தி வந்தது. இவள் சமையலறையில் செங்கல் வைத்து அதன்மேல் கால் வைத்து நடந்துகொண்டிருந்தாள்.

நாலாம் தடவை போன் போடவில்லை. ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கே போனாள். பழைய கம்ப்யூட்டர் அறையில் இப்போது சாப்பாட்டு மேஜைகள் போட்டிருந்தார்கள். கணினிப் பிரிவு மாடியில் ஒரு சின்ன அறை. அதன் மேலாளர் நாற்பது வயதுப் பெண். ஓய்வுபெற்றவர் என்று தெரிந்ததும் எழுந்து நின்று உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள்.

"இப்ப எதுல வச்சிருக்கீங்க எல்லாத்தையும்?"

மேலாளர் இழுப்பறையிலிருந்து உதிரியாக இருந்த ஒன்றை எடுத்துக் காட்டினாள். சூயிங்கம் பட்டை அளவுக்கு ஒரு பச்சைத் தகடு, அதன்மேல் நாலு கறுப்பு வில்லைகள். "இது மாதிரிதான். சுத்தறது, ஓடறது எதுவும் கிடையாது. சத்தமே வராது."

"இதுல எத்தனை எழுத்து எழுதலாம்?"

"ஒரு லட்சம் கோடி."

அவள் அந்தத் தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எடையே இல்லை. அறுபதாயிரம் எழுத்துக்கு முனகிக்கொண்டு கிடந்த இரும்பு உருளை நினைவுக்கு வந்தது. பாசமெல்லாம் இல்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

"ஒரு லட்சம் கோடி எழுத்துக்கு இடம் இருக்கு. 'தெற்கு'ன்னு மூணெழுத்துக்கு இடம் இல்லையா?"

"இடம் இருக்கும்மா," என்றாள் மேலாளர். அவள் குரலிலும் அலுப்பு இருந்தது. "ஆனா பன்னிரண்டுங்கிறதை இடம் தீர்மானிக்கலை. மீட்டர் படிக்கிற கருவி பன்னிரண்டுதான் எடுக்கும். போன் ஆப் அந்தக் கருவியைப் பாத்து எழுதினது. வரைபடம் அந்த ஆப்பைப் பாத்து எழுதினது. ஒண்ணைத் தொட்டா பதினோரு இடத்துல உடையும். நானும் ரெண்டு தடவை எழுதிப் போட்டேன். அடுத்த மாற்றத்துல பாக்கலாம்னு கோப்பு திரும்பி வந்துடுச்சு."

இத்தனை வருடத்தில் நானும் எழுதிப் போட்டேன் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். அதனால் அவளைத் திட்ட வாய் வரவில்லை.

"தெருப் பேரை எழுதற உரிமை எங்களுக்கு இல்லைம்மா," என்று மேலாளரே தொடர்ந்தாள். "அது வார்டு ஆபீஸ் வேலை. அவங்க ஒரு தெருவுக்குப் புதுப் பேரு வச்சா எங்க பட்டியல்ல தானா புதுத் தெருவா வந்துடும். அதை யாரும் தடுக்க முடியாது."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"ஆக, கம்ப்யூட்டரை மாத்த முடியாது, தெருவை மாத்திடலாம்ங்கிறாங்க," என்றார் அவர். "அப்படியே வீட்டையும் தூக்கி வடக்குல வச்சுடச் சொல்லு."

அவர் கேலியாகத்தான் சொன்னார். அவள் மறுநாள் காலை ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டாள்.

வார்டு உறுப்பினருக்கு ஏக சந்தோஷம். பெயர்ப்பலகை திறக்கும் வாய்ப்பை யார் வேண்டாம் என்பார்கள்? பெயரை மட்டும் நீங்களே முடிவுபண்ணிச் சொல்லுங்கள் என்றார். அங்கேதான் வினை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டு முன்னறையில் கூட்டம். உலக அமைதி நினைவுத் தெரு என்று வைக்கலாம் என்றார் மூன்றாம் எண் வீட்டுக்காரர்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "உலக அமைதி நினைவுத், அதோட நிக்கும். வேற சொல்லுங்க."

மல்லிகைத் தெரு என்றார்கள். ஊரில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. ஒருவர் தன் அப்பாவின் பெயரை வைக்கச் சொன்னார், இன்னொருவர் உடனே தன் அப்பாவைக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். இத்தனை காலம் இருந்த பெயர் அடியோடு போகக் கூடாது, ஆனால் வேறாகவும் இருக்க வேண்டும் என்று மிச்சம் இருந்தவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அலுத்துப்போய் அவள் கணவர்தான் சொன்னார், "பழையதுன்னா குழப்பம்னா, புதியதுன்னு வைங்க. முடிஞ்சுது."

புதிய நூற்பாலைத் தெரு. எண்ணினாள். இடம் சேர்த்துப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். பன்னிரண்டுதான்.

ஆறு வாரத்தில் பலகை வந்தது. அதற்கு நாலு நாள் கழித்துப் புகார் கொடுத்தாள், அன்று மத்தியானமே ஆட்கள் சரியான வாசலில் வந்து இறங்கினார்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். கணவர் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்து, இணைப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லி அவர்களைப் பாடாய்ப் படுத்தினார். சாயங்காலத்துக்குள் கசிவு நின்றது. சமையலறைச் செங்கல்களை அவளே ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள்.

ஆனால் நிம்மதி என்பது அவளுக்கு எழுதிவைத்ததில்லை. பலகையைப் பார்த்துவிட்டுப் புதிய நூற்பாலை எங்கே என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சிலர் கையில் வேலைக்கு விண்ணப்பம் வேறு. ஆலை எதுவும் இல்லை என்றால், போர்டு போட்டிருக்கே என்பார்கள். முதல் பத்துப் பேருக்கு உட்காரவைத்து விளக்கினாள். பதினொன்றாவது ஆளுக்கு, இன்னும் கட்டலை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதற்குள் சேதி பரவிவிட்டது. அடுத்த ஞாயிறு காலையில் கால்நடை மருத்துவமனைச் சாலையிலிருந்து ஏழு பேர் வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள். எங்களுக்கும் மனு எழுதித் தர வேண்டும், பெயர்கூட முடிவு பண்ணிவிட்டோம் என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பெயர் மூன்று வரிக்குப் போயிருந்தது.

உள்ளே கணவர் பத்திரிகைக்குப் பின்னால் சிரிப்பதை அடக்கிக்கொண்டிருப்பது கேட்டது. அவள் காகிதத்தை மடித்து அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"எழுத்தை எண்ணிட்டு வாங்க," என்றாள்.